அனுசரித்துப் போகச் சொன்ன தீர்ப்பு

ஐரோப்பாவின் காலநிலைக் கொள்கையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எண்களில்தான் நடக்கிறது. 2030க்குள் 55 சதவீத உமிழ்வுக் குறைப்பு, 2050க்குள் நிகர பூஜ்யம், இத்தனை கிகாவாட் காற்றாலை, இத்தனை கோடி யூரோ. இந்த எண்களுக்கு நடுவே பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடும்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆவணம் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. 2024 ஏப்ரல் 9 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்து அரசுக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு அது. வழக்கைக் கொண்டுசென்றவர்கள் முதிய பெண்கள். புவி வெப்பமாதலைத் தடுக்கத் தங்கள் அரசு போதிய அளவு செயல்படவில்லை, அதனால் தங்கள் உயிரும் உடல்நலமும் ஆபத்தில் இருக்கின்றன என்பது அவர்கள் வாதம். 17 நீதிபதிகளில் 16 பேர், அரசு மனித உரிமையை மீறியிருக்கிறது என்றார்கள். ஓர் அரசின் காலநிலைக் கொள்கை போதாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது அதுவே முதல் முறை.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் இந்த நீதிமன்றம் ஒன்றியத்துக்கு உரியதல்ல. 46 நாடுகள் உறுப்பு வகிக்கும் ஐரோப்பிய மன்றத்துக்கு உரியது. ஆகவே தீர்ப்பு கட்டுப்படுத்துவது சுவிட்சர்லாந்தை என்றாலும், அதில் வகுக்கப்பட்ட நெறிகள் அந்த 46 நாடுகளின் காலநிலைச் சட்டங்களுக்கும் உரைகல்லாகிவிட்டன. அதனால்தான் உலகெங்கும் இது பெண்களின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. இருந்தாலும் தீர்ப்பை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தபோது ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் ஒரு சங்கமும் நான்கு தனிப் பெண்களும். வென்றது சங்கம். நான்கு பெண்களின் மனுக்களை நீதிமன்றம் விசாரணைக்கே ஏற்கவில்லை. கொண்டாட்டக் கட்டுரைகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி. என் வாசிப்பில் தீர்ப்பின் மையமே அங்கேதான் இருக்கிறது.

சங்கம் 2016இல் சுமார் 150 பெண்களோடு தொடங்கியது. சுவிஸ் கிரீன்பீஸ் அதற்குத் துணை நின்றது. அதன் பெயர் ‘கிளிமாசீனியோரினன்’. காலநிலைக்கான மூத்த பெண்கள் என்று தமிழில் சொல்லலாம். ஓய்வூதிய வயதை எட்டிய பெண்களுக்கு மட்டுமே அதில் இடம். தீர்ப்பு வந்தபோது உறுப்பினர் எண்ணிக்கை 2,000ஐத் தாண்டியிருந்தது. சராசரி வயது 73. ஏன் பெண்கள் மட்டும், ஏன் முதியவர்கள் மட்டும் என்று கேட்கத் தோன்றும். காரணம் சட்டத்தில் இருக்கிறது. சுவிஸ் நிர்வாகச் சட்டப்படி, மற்றவர்களைவிடத் தனக்குக் கூடுதலான பாதிப்பு இருக்கிறது என்று காட்டுபவர்தான் அரசின் செயலின்மையைக் கேள்வி கேட்க முடியும். 2003ஆம் ஆண்டின் கோடை ஐரோப்பாவில் 70,000க்கும் மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனது. அதன்பின் வந்த ஆய்வுகள் வெப்ப அலைகளில் அதிகம் சாகிறவர்கள் முதியவர்கள் என்றும், அவர்களிலும் முதிய பெண்கள் என்றும் காட்டின. அந்தக் கணக்கையே இந்தப் பெண்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். பெண் பேச வேண்டுமென்றால் முதலில் தன் பலவீனத்தை நிரூபிக்க வேண்டும் என்பது சட்டத்தின் பழைய நிபந்தனை. அதற்கு உடன்பட்டுத்தான் அவர்கள் உள்ளே போனார்கள்.

உள்ளூரில் மூன்று கதவுகள் மூடின. 2017இல் அமைச்சகம் அவர்களுடைய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. கேட்பது பொதுநலம், உங்களுக்கென்று தனி உரிமை எதுவும் பாதிக்கப்படவில்லை என்றது. 2018இல் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம், காலநிலை மாற்றம் எல்லாரையும் பாதிக்கிறது, முதிய பெண்களைத் தனியாக அல்ல என்றது. 2020 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னொரு காரணத்தைச் சேர்த்தது. பாரிஸ் ஒப்பந்தம் குறிப்பிடும் வெப்ப வரம்பைத் தாண்ட இன்னும் காலம் இருக்கிறது. எனவே இப்போதைக்கு உங்கள் உரிமைகள் போதிய தீவிரத்தோடு பாதிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். எண்பது வயதுப் பெண்களிடம் இன்னும் காலம் இருக்கிறது என்று ஒரு நீதிமன்றம் சொல்கிறது. யாருக்கு இருக்கிறது என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் எழவே இல்லை. கொள்கை ஆவணங்களின் காலம் 2030, 2050 என்று பத்தாண்டுகளில் நகர்வது. உடலின் காலம் அடுத்த ஜூலை, அடுத்த ஆகஸ்ட். இந்த இரண்டு காலங்களும் மோதும் இடத்தில் உடலைத்தான் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் இந்த அலட்சியத்தைக் கண்டித்தது. உள்நாட்டு நீதிமன்றங்கள் சங்கத்தின் புகாரைப் பொருட்படுத்தி விசாரிக்கவே இல்லை, இது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறுவது என்று 17 பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அடுத்த கேள்விதான் கடினமானது. 1950இல் எழுதப்பட்ட ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சுற்றுச்சூழலுக்கான உரிமை என்று எதுவும் இல்லை. அப்படியானால் காலநிலை எந்த வழியாக உள்ளே வந்தது? எட்டாம் பிரிவின் வழியாக. அது தனிவாழ்வு, குடும்பம், வீடு ஆகியவற்றுக்கான மதிப்பைக் காக்கும் பிரிவு.

இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள் என்பதை இங்கே நினைவுபடுத்த வேண்டும். ஸ்பெயினின் லோர்கா நகரில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுகளைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்று கிரெகோரியா லோபெஸ் ஓஸ்த்ரா என்ற பெண்ணின் வீட்டுக்குச் சில மீட்டர் தொலைவில் வந்தது. நாற்றத்தையும் புகையையும் மகளின் உடல்நலக் கேட்டையும் முன்வைத்து அவர் போராடினார். வீட்டுக்குள் நுழையும் மாசும் எட்டாம் பிரிவை மீறுவதாகும் என்று 1994இல் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்தது. ரஷ்யாவின் செரபோவெத்ஸ் நகரில் உருக்காலைக்கு அருகே வசித்த நதேஷ்தா ஃபதேயேவா 2005இல் அதே பிரிவின் கீழ் வென்றார். வீட்டுச் சுவருக்குள் நடப்பது அரசியல் அல்ல என்று சொல்லப்பட்ட காலத்தில் பெண்ணியம் அதை மறுத்தது. ஐரோப்பியச் சுற்றுச்சூழல் சட்டம் அந்த மறுப்பின் மேல்தான் வளர்ந்திருக்கிறது. கழிவு நாற்றத்தை முதலில் அனுபவித்த வீட்டிலிருந்துதான் அது சட்டப் புத்தகத்துக்குப் போயிருக்கிறது. 2024 தீர்ப்பு இந்த வரிசையில் வருகிறது. காலநிலை மாற்றத்தின் கடும் விளைவுகளிலிருந்து மனிதர்களைக் காக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு; அதற்கு உமிழ்வுக்கு எண்ணிக்கையில் ஓர் உச்சவரம்பு வேண்டும், இடைக்கால இலக்குகள் வேண்டும். சுவிட்சர்லாந்து தனக்கென ஒரு கார்பன் பட்ஜெட்டை வகுக்கவில்லை. 2020க்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கையும் எட்டவில்லை. ஆகவே மீறல். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் அந்த நான்கு பெண்களிடம் தொடங்குகிறது. அனைவரும் எண்பதைக் கடந்தவர்கள். ஒருவர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார். வெப்ப நாட்களில் மூச்சு முட்டுவதையும், வெளியே போக முடியாமல் திரைகளை இறக்கிவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடப்பதையும் அவர்கள் விவரித்திருந்தார்கள். மருத்துவச் சான்றுகளும் இருந்தன. நீதிமன்றம் முதிய பெண்கள் கூடுதல் ஆபத்தில் இருக்கும் பிரிவினர் என்பதை மறுக்கவில்லை. ஆனால் தனிநபர் ஒருவரைப் பாதிக்கப்பட்டவராக ஏற்க இரண்டு நிபந்தனைகளை வைத்தது: பாதிப்பு மிக உயர்ந்த தீவிரத்தில் இருக்க வேண்டும், தனிப் பாதுகாப்புக்கான அவசரத் தேவையும் இருக்க வேண்டும். இந்த நால்வருக்கும் அப்படி இல்லை என்று முடிவுசெய்தது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். நாட்டில் கிடைக்கும் தகவமைப்பு நடவடிக்கைகளாலோ, அவர்களே நியாயமான அளவில் செய்துகொள்ளக்கூடிய தனிநபர் தகவமைப்பாலோ தணிக்க முடியாத அளவுக்கு நோய் முற்றியிருந்ததாகக் காட்டப்படவில்லை என்கிறது தீர்ப்பு.

இந்தப் பத்தியை வகுப்பில் வாசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி, “அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்றாங்க, அவ்வளவுதானே மேடம்?” என்று கேட்டாள். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை நான் இன்னும் பார்க்கவில்லை.

தனிநபர் தகவமைப்பு என்ற சொல் அறிவியலின் உடுப்பில் வருகிறது. உடுப்பைக் கழற்றினால் அது நமக்குப் பழக்கமான சொல்தான். சன்னலை மூடு, வெளியே போகாதே, தண்ணீர் குடி, மதியத்தில் படு, வேலைகளை விடியலுக்கு மாற்றிக்கொள். 2003க்குப் பிறகு ஐரோப்பிய நாடுகள் வகுத்த வெப்பச் செயல்திட்டங்களில் இந்த அறிவுரைகள் உண்டு. அவை உயிரைக் காப்பாற்றுகின்றன. அதை நான் குறைசொல்லவில்லை. கேள்வி வேறு. ஒரு பெண் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது ஒரு பாதிப்பா, பாதிப்புக்கான தீர்வா? அந்தப் பெண்கள் தங்கள் வாக்குமூலத்தில் அதைப் பாதிப்பாகச் சொன்னார்கள். நீதிமன்றம் அதையே தீர்வின் பட்டியலில் எழுதிக்கொண்டது. வீட்டுக்கான உரிமையைக் காக்கும் பிரிவின் கீழ் வந்த ஒரு வழக்கில், வீடு சிறையாகிவிட்டது என்ற புகாருக்கு வீட்டிலேயே இருங்கள் என்பது பதிலாகக் கிடைத்தது. வெளியே நடப்பதும் தோழியைப் பார்க்கப் போவதும் கூட்டத்துக்கு வருவதும் முதிய பெண்ணின் வாழ்வில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஆடம்பரங்கள் என்ற எண்ணம் இதற்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

‘தனிநபர்’ என்ற அடைமொழிக்குள் இன்னொருவரும் மறைந்திருக்கிறார். வெப்ப நாளில் எண்பது வயதுப் பெண்ணின் அறையில் திரையை இறக்குவது யார்? நனைத்த துணியை நெற்றியில் போடுவது, தண்ணீர் குடித்தாரா என்று மணிக்கொரு முறை பார்ப்பது யார்? மகளாகவோ மருமகளாகவோ பக்கத்து வீட்டுப் பெண்ணாகவோ இருக்கலாம். சுவிட்சர்லாந்தில் பல வீடுகளில் அது போலந்திலிருந்தோ ஸ்லோவாக்கியாவிலிருந்தோ ருமேனியாவிலிருந்தோ சில வாரங்களுக்கு வந்து, அதே வீட்டில் தங்கி வேலைசெய்யும் பெண். தனியார் வீடுகள் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டவை. முகவர் நிறுவனங்கள் வழியாக வருபவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2021 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த உழைப்பு எந்தக் காலநிலைக் கணக்கிலும் இல்லை. ஒரு பெண் தகவமைத்துக்கொண்டாள் என்று தீர்ப்பு எழுதும்போது, அதன் பின்னால் இரவெல்லாம் விழித்திருந்த இன்னொரு பெண் இருக்கிறாள். மூத்த பெண்களின் சங்கமும் தன் வாதத்தில் இவர்களைப் பற்றிப் பேசவில்லை. வசதியான நாட்டின் ஓய்வூதியம் பெறும் பெண்களின் இயக்கம் என்ற விமர்சனத்தில் பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது.

மீதிப் பாதியை எண்களோடு வைத்துப் பார்க்கலாம். 2022 கோடையில் ஐரோப்பாவில் வெப்பத்தால் ஏறத்தாழ 61,000 பேர் இறந்ததாக 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மக்கள்தொகை விகிதப்படி ஆண்களைவிடப் பெண்களின் இறப்பு 56 சதவீதம் அதிகம். ஆனால் அதே ஆய்வு, 80 வயதுக்குக் கீழே நிலைமை தலைகீழ் என்றும் சொல்கிறது. அங்கே ஆண்களின் இறப்பு விகிதம்தான் கூடுதல். வெயிலில் வேலைசெய்யும் ஆண்களின் உடலை இங்கே மறக்க முடியாது. ஆகவே பெண் என்பதாலேயே வெப்பம் கொல்கிறது என்ற எளிய சூத்திரம் உதவாது. உயிரியல் ஒரு பகுதி. பெண்கள் நீண்ட காலம் வாழ்கிறார்கள், வாழ்வின் கடைசி ஆண்டுகளில் பெரும்பாலும் தனியாக வாழ்கிறார்கள். பிள்ளை வளர்ப்புக்கும் நோயாளிப் பராமரிப்புக்கும் ஊதியமில்லாமல் கொடுத்த ஆண்டுகள் ஓய்வூதியத்தில் பள்ளமாக வந்து நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் பெண்களின் ஓய்வூதியம் ஆண்களுடையதைவிடச் சராசரியாக நான்கில் ஒரு பங்கு குறைவு. சிறிய ஓய்வூதியம் என்றால் சிறிய வீடு, மேல்மாடி, வெயில் விழும் சுவர். முதிய பெண்ணின் பலவீனம் என்று மருத்துவச் சான்றிதழ் எழுதுவதில் பெரும்பகுதி நாற்பது ஆண்டு ஊதியமற்ற உழைப்பின் வரவுசெலவு. நீதிமன்றத்துக்குச் சான்றிதழ் மட்டுமே போனது, வரவுசெலவு போகவில்லை. பாகுபாட்டைத் தடுக்கும் 14ஆம் பிரிவின் அடிப்படையில் இந்த வழக்கு வாதிடப்படவில்லை.

அதனால் நடந்தது என்னவென்றால், பெண்கள் கொண்டுவந்த வழக்கில் பெண்கள் மெல்லக் கரைந்துபோனார்கள். சங்கத்துக்கு உரிமை தந்த பகுதியையும், கார்பன் பட்ஜெட் பற்றிய பகுதியையும் வாசித்தால், மனுதாரர்கள் முதியவர்கள் என்றோ பெண்கள் என்றோ தெரியவேண்டிய அவசியமே இல்லை. மாறாக அங்கே முன்னுக்கு வருவது வருங்காலத் தலைமுறை. இன்றைய தலைமுறை தன் சுமையை நாளைய தலைமுறைமேல் ஏற்றக்கூடாது என்று நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்கிறது. நல்ல நெறிதான். 2021இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம், இளைஞர்களின் வருங்காலச் சுதந்திரத்தை முன்வைத்துக் காலநிலைச் சட்டத்தின் ஒரு பகுதியைச் செல்லாததாக்கியபோது இதே நெறிதான் பேசியது. ஆனால் அங்கே கேட்டவர்கள் இளைஞர்கள். இங்கே கேட்டவர்கள் தங்கள் இன்றைய உயிரைப் பற்றிக் கேட்டார்கள். கிடைத்த பதில் பேரப்பிள்ளைகளைப் பற்றியது.

ஊடகங்கள் அவர்களுக்கு வைத்த பெயரும் இதோடு சேர்ந்ததுதான். சங்கத்தின் பெயரில் பாட்டி என்ற சொல் இல்லை. மூத்த பெண்கள் என்றுதான் அவர்கள் தங்களை அழைத்துக்கொண்டார்கள். ஆங்கிலச் செய்திகள் அவர்களைப் ‘பாட்டிமார்’ ஆக்கின. பெண்ணின் அரசியல் தாய்மையின் நீட்சியாக வந்தால் சமூகம் அதை அன்போடு பார்க்கும். தனக்காக, தன் மிச்சமிருக்கும் பத்து ஆண்டுகளுக்காக ஒரு முதியவள் அரசோடு மல்லுக்கட்டினால் அதற்கு வைக்க நம்மிடம் அன்பான பெயர் எதுவும் இல்லை.

தீர்ப்புக்கு வந்த எதிர்ப்பையும் வாசிக்க வேண்டும். 2024 ஜூனில் சுவிஸ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இதை நீதிமன்றத்தின் அத்துமீறல் என்று கண்டித்து அறிக்கை நிறைவேற்றின. சுவிட்சர்லாந்து ஏற்கெனவே போதிய அளவு செய்திருக்கிறது, இதற்குமேல் இந்தத் தீர்ப்புக்குப் பதில் செய்ய வேண்டியதில்லை என்றன. ஆகஸ்டில் அரசும் ஏறத்தாழ அதே நிலைப்பாட்டை எடுத்தது. இந்த எதிர்ப்பின் ஆதார வாதம் மக்களாட்சி. எங்கள் நாட்டில் மக்கள் நேரடியாக வாக்களித்துச் சட்டம் செய்கிறார்கள். 2021இல் கார்பன் சட்டத்தை 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள், 2023இல் புதிய காலநிலைச் சட்டத்தை 59 சதவீதம் பேர் ஏற்றார்கள்; இதில் வெளியிலிருக்கும் நீதிபதிகளுக்கு என்ன வேலை? எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. தீர்ப்பில் மாறுபட்ட ஒரே நீதிபதியான டிம் ஐக்கும், பெரும்பான்மை தன் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டது என்றுதான் எழுதினார்.

ஆனால் சுவிட்சர்லாந்தில் ‘மக்கள்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1959இல் அதே நேரடி வாக்கெடுப்பில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சொன்னார்கள். வாக்களித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். 1968இல் அரசு ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் சேர நினைத்தது. பெண்களுக்கு வாக்கு இல்லாத நாடு எப்படிச் சேர்வது? வாக்குரிமை விஷயத்தில் எங்களுக்கு விலக்கு வேண்டும் என்ற நிபந்தனையோடு கையெழுத்திடலாம் என்று யோசித்தது. அந்த யோசனைதான் பெண்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. 1969 மார்ச் 1 அன்று ஆயிரக்கணக்கானோர் பெர்ன் நகரில் நாடாளுமன்றத்தின் முன் திரண்டார்கள். எமிலி லீபர்ஹெர் அங்கே அவர்கள் கோரிக்கையைப் பேசினார். 1971 பிப்ரவரியில் வாக்குரிமை வந்தது. 1974இல் சுவிட்சர்லாந்து உடன்படிக்கையை ஏற்றது. அப்பென்ஸெல் இன்னர்ரோடன் என்ற சிறிய மாநிலத்தில் உள்ளூர் விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க 1990இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அங்கேயும் அதற்கு முன் ‘மக்கள்’ மறுத்திருந்தார்கள்.

எண்பது வயது மனுதாரர்கள் இந்த வரலாற்றைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல. 1971க்கு முன்பே வயதுவந்து, வாக்கில்லாமல் வாழ்ந்தவர்கள். ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கை அவர்களுக்கு அயல்நாட்டுச் சரக்கு அல்ல. அவர்களுடைய வாக்குச்சீட்டோடு ஒரே நூலில் கோத்து வந்தது. பெரும்பான்மையின் விருப்பம் மட்டுமே மக்களாட்சி ஆகிவிடாது என்று தீர்ப்பு சொல்கிறது. அதை எந்தச் சட்டத் தத்துவமும் இல்லாமல் தெரிந்துகொண்ட தலைமுறை அது. மக்கள் முடிவுசெய்துவிட்டார்கள் என்று அவர்களிடம் சொல்பவர், எந்த மக்கள் என்ற கேள்வியை எதிர்கொண்டே தீர வேண்டும். நாடாளுமன்ற அறிக்கையில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

இது ஒரு நாட்டின் கதையாகத் தெரியலாம். ஆனால் ஆற்றல் மாற்றத்தின் பணம் ஐரோப்பாவில் எங்கே போகிறது என்று பார்த்தால் இதே பழக்கம் தெரிகிறது. 2023இல் சுவிஸ் மக்கள் ஏற்ற காலநிலைச் சட்டம், எண்ணெய், எரிவாயு, மின்சார வெப்பமூட்டிகளை மாற்றப் பத்து ஆண்டுகளில் 200 கோடி ஃபிராங்க் தருகிறது. பணம் கட்டட உரிமையாளரிடம் போகும். அந்நாட்டில் ஏறத்தாழ 60 சதவீதக் குடும்பங்கள் வாடகைக்கு இருப்பவை. சீரமைத்த கட்டடத்தில் வாடகை ஏறினால், சிறிய ஓய்வூதியத்தில் தனியாக இருக்கும் பெண் என்ன செய்வாள் என்பது கொள்கையின் முதல் பக்கத்தில் வருவதில்லை. ஜெர்மனி நிலக்கரியைக் கைவிடும்போது அந்தப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. ஒன்றியத்தின் நியாயமான மாற்றத்துக்கான நிதியும் நிலக்கரிப் பகுதிகளையே முதன்மையாக நினைத்து எழுதப்பட்டது. சுரங்கத் தொழிலாளி தன் இழப்புக்கு ஈடு கேட்பது நியாயம். அவர் அதைச் சங்கமாகச் சேர்ந்து போராடிப் பெற்றார். அவருக்கு யாரும் தனிநபர் தகவமைப்பைப் பரிந்துரைக்கவில்லை. புதிய ஆற்றல் துறையிலும் நிலைமை பாதிதான் மாறியிருக்கிறது. எண்ணெய், எரிவாயுத் துறையில் பெண்கள் 22 சதவீதம் என்றால், புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் 32 சதவீதம் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் முகமை 2019இல் உலக அளவில் கணக்கிட்டது. அதிலும் நிர்வாகப் பணிகளில் 45 சதவீதம், அறிவியல், தொழில்நுட்பப் பணிகளில் 28 சதவீதம். காற்றாலை மேலே சுழல்கிறது. கீழே மேசைகளின் வரிசை பழைய வரிசைதான்.

ஒன்றியம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023இல் உருவாக்கப்பட்ட சமூகக் காலநிலை நிதிக்கான சட்டம், எரிபொருளுக்கும் வீட்டு வெப்பத்துக்கும் வரும் கார்பன் விலையால் யார் நசுங்குவார்கள் என்று பேசும்போது பெண்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தனித்து வாழும் தாய்மாரையும் முதிய பெண்களையும் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது. முகவுரையில் வரும் சொல், பணம் பிரிக்கும் பக்கத்துக்கு வருமா என்பதுதான் ஒவ்வொரு நாட்டின் திட்டத்திலும் நாம் தேட வேண்டியது.

இத்தனைக்குப் பிறகும் அந்தத் தீர்ப்பை வெற்றி என்றுதான் நான் வகுப்பில் சொல்கிறேன். தனிப் பெண்ணின் வலியைக் கேட்காத நீதிமன்றம், சேர்ந்து நின்ற பெண்களின் குரலைக் கேட்க வேண்டிவந்தது. காலநிலை வழக்குகளில் சங்கங்களுக்கு இருக்கும் உரிமை இனி 46 நாடுகளிலும் நிலைத்த சட்டம். இளைஞர்களும் விவசாயிகளும் வாடகைதாரர்களும் இந்தக் கதவு வழியாகப் போக முடியும். அதைத் திறந்தவர்கள் முதிய பெண்கள். ஆனால் அதே தீர்ப்பு தனியாக வரும் பெண்ணுக்கு வாசலை இன்னும் குறுக்கிவிட்டது. அடுத்த முறை ஒருத்தி தன் பெயரில் வந்தால், நோயை மட்டும் நிரூபித்தால் போதாது. திரையை இறக்கியும் தண்ணீர் குடித்தும் தன்னால் தாங்க முடியாமல் போனது என்றும் நிரூபிக்க வேண்டும். அதை நிரூபிக்கும் நிலையில் இருப்பவள் பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வரும் நிலையில் இருக்க மாட்டாள்.

தீர்ப்பு நிறைவேறுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பு ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர்கள் குழுவிடம் இருக்கிறது. கார்பன் பட்ஜெட் எங்கே, இலக்கு எங்கே என்று அந்தக் குழு கேட்க முடியும். நான்கு பெண்களின் புகாரைப் பற்றிக் கேட்க அதற்கு அதிகாரம் இல்லை. அந்தக் கோப்பு மூடப்பட்டுவிட்டது. அதைத் திரும்பத் திறக்கும் வேலை இனி சட்டம் படிக்கும் பெண்களிடமும், எழுதும் பெண்களிடமும் வந்திருக்கிறது. தகவமைப்பு என்ற சொல்லை அடுத்து எங்கே பார்த்தாலும், யார் அனுசரிக்க வேண்டும், யாருடைய உழைப்பில் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிட்டு மேலே வாசியுங்கள்.